படகு இன்ஜின் வேகம் எடுக்க மாட்டேங்குதா? பிரிக்கும் முன் இந்த 3 கேள்விகளைக் கேளுங்க! முழு விளக்கம்

ஜூன் 14 நள்ளிரவு. 61 நாள் மீன்பிடி தடைக்காலம் முடிகிறது. காசிமேட்டில் ஐஸ் ஏற்றியாச்சு, டீசல் பிடிச்சாச்சு, அரிசி, மளிகை, தண்ணீர் கேன் எல்லாம் படகில் ஏறியாச்சு. துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் டிரைவர் ஆக்சிலரேட்டரை முழுசாகத் தள்ளுகிறார். 1,800 வரை போக வேண்டிய ஆர்.பி.எம் முள், 1,500-லேயே நின்றுவிடுகிறது.

இன்ஜின் நிற்கவில்லை. வித்தியாசமான சத்தமும் இல்லை. ஆனால் படகு வேகம் எடுக்க மாட்டேங்குது.

திரும்பிப் போவதா? இப்படியே ஓட்டுவதா? மெக்கானிக்கைக் கூப்பிட்டு டீசல் பம்பைக் கழற்றச் சொல்வதா?

விசைப்படகு வைத்திருக்கும் பலருக்கும் தடைக்காலம் முடிந்த முதல் வாரத்தில் வரும் தலைவலி இது. இதில் பெரும்பாலும் தப்பு நடப்பது ஒரே இடத்தில்தான். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் முன்பே இன்ஜினைப் பிரித்துவிடுகிறார்கள். உண்மையில் ஸ்பேனரை எடுக்கும் முன், மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும். கோளாறு டீசலிலா, காற்றிலா, பாரத்திலா என்று பெருமளவு சொல்லிவிடலாம். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஆர்.பி.எம் கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகிவிடும்?

1,800-க்கு 1,500 வருகிறது. 300 தானே குறைவு, ஓட்டிக்கலாம் என்று தோன்றும். இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது.

படகின் அடியில் சுற்றும் புரொப்பல்லர், அதாவது விசிறி, கேட்கும் சக்தி வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. விசிறியும் படகின் அடிப்பகுதியும் நல்ல நிலையில் இருந்து, 1,800-க்குப் பதில் 1,500 தான் வருகிறது என்றால், இன்ஜின் தன் முழு சக்தியில் சுமார் 58 சதவீதத்தைத்தான் கொடுக்கிறது. மீட்டரில் 17 சதவீதம் குறைவு. சக்தியில் 42 சதவீதம் காணோம்!

இன்னொரு வாய்ப்பும் உண்டு. இன்ஜின் தன்னால் முடிந்த அளவு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அடியில் ஏதோ பிடித்து இழுப்பதால் வேகம் ஏறவில்லை. இது இன்னும் மோசம். டீசல் முழுசாக எரிகிறது, வேகம் மட்டும் இல்லை. இப்படி நாள் கணக்கில் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன், டர்போ எல்லாம் அளவுக்கு மீறி சூடாகி அடிவாங்கும்.

பணம் மட்டுமல்ல, உயிரும் இதில் இருக்கிறது. வானிலை எச்சரிக்கை வந்து கரை திரும்பும்போது அந்த 300 ஆர்.பி.எம் வேண்டும். ராமேஸ்வரம் பக்கம் இன்னொரு சிக்கல். 1974, 1976 ஒப்பந்தங்கள்படி வகுக்கப்பட்ட சர்வதேச கடல் எல்லை, பாக் நீரிணையில் சில மணி நேர ஓட்டத்திலேயே வந்துவிடும். அங்கே இன்ஜின் படுத்துவிட்டால் காற்றும் நீரோட்டமும் படகை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டால் ஆள், படகு இரண்டும் போச்சு.

படகு இன்ஜினுக்கும் லாரி இன்ஜினுக்கும் என்ன வித்தியாசம்?

இதைக் கடலே இல்லாத வாலாஜாபாத்தில் நின்றுகூடப் புரிந்துகொள்ளலாம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆனால் வாலாஜாபாத் வழியாகப் போகும் ஜல்லி லாரிகளைப் பார்த்திருப்பீங்க. முழு லோடு ஏற்றிய லாரி மேம்பாலம் ஏறும்போது டிரைவர் என்ன செய்கிறார்? கியரைக் குறைக்கிறார். குறைக்காமல் டாப் கியரிலேயே ஆக்சிலரேட்டரை மிதித்தால்? இன்ஜின் திணறும், வேகம் இறங்கும், கறுப்புப் புகை கக்கும்.

விசைப்படகில் அந்த வசதி இல்லை. படகின் கியர்பாக்ஸில் முன்னே, பின்னே, நியூட்ரல் அவ்வளவுதான். விசிறிக்கும் இன்ஜினுக்கும் இடையே வேக விகிதம் ஒன்றே ஒன்று. பாரம் கூடினால் கியரைக் குறைத்துத் தப்பிக்க முடியாது. டாப் கியரில் மேடு ஏறும் லாரி மாதிரி இன்ஜின் திணறத்தான் செய்யும்.

அதனால்தான் படகில் ஆர்.பி.எம் குறைந்தால் இன்ஜினை மட்டும் சந்தேகப்படக் கூடாது. இன்ஜின், அதற்கு வரும் டீசல், அதற்கு வரும் காற்று, அது தள்ளும் பாரம் என நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி 1: மீட்டர் சொல்வது உண்மையா?

சிரிக்காதீங்க. உப்புக்காற்றில் வயர் முனை பச்சை பிடித்து, ஆர்.பி.எம் மீட்டர் தப்பாகக் காட்டுவது சகஜம். ஆல்டர்னேட்டரில் இருந்து சிக்னல் எடுக்கும் மீட்டராக இருந்தால், பெல்ட் நழுவினாலே குறைவாகக் காட்டும்.

சரிபார்ப்பது எளிது. கிராங்க் புல்லியில் பளபளக்கும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, கையடக்க டிஜிட்டல் டேகோமீட்டரின் ஒளியை அதில் அடித்தால் உண்மையான வேகம் தெரிந்துவிடும். மெக்கானிக் பட்டறைகளில் இந்தக் கருவி இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: ஓடும் பெல்ட் பக்கத்தில் குனியும்போது லுங்கி, துண்டு, தொங்கும் சட்டை எதுவும் வேண்டாம். மீட்டர் இருக்கும் கையைத் தவிர வேறு எதையும் நீட்டாதீங்க.

கேள்வி 2: நியூட்ரலில் வேகம் ஏறுகிறதா?

கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜினைச் சூடாக்கிவிட்டு, ஆக்சிலரேட்டரை மெதுவாக முழுசும் தள்ளுங்க. பாரம் இல்லாததால், சாதாரண கவர்னர் வைத்த டீசல் இன்ஜின் தன் குறித்த வேகத்தைவிட 5 முதல் 10 சதவீதம் வரை கூடுதலாகவே ஏற வேண்டும். 1,800 இன்ஜின் என்றால் 1,900-ஐ ஒட்டி அல்லது அதற்கு மேல். சில வினாடி பார்த்துவிட்டு இறக்கிவிடுங்க.

ஏறவில்லையா? அப்போ விசிறியையும் படகின் அடிப்பகுதியையும் இப்போதைக்கு விட்டுடலாம். முதலில் ஆக்சிலரேட்டர் கேபிளைப் பாருங்க. ஒருவர் லீவரை முழுசாகத் தள்ள, இன்னொருவர் டீசல் பம்ப் அருகில் நின்று பார்க்க வேண்டும். பம்பில் இருக்கும் கை, கடைசி நிறுத்தம் வரை போய் முட்டுகிறதா? கேபிள் துருப்பிடித்து நீண்டிருந்தாலோ, கிளிப் நழுவியிருந்தாலோ, பாதியிலேயே நின்றுவிடும். இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் லீவர் முழுசாகப் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறதா என்பதையும் பாருங்க. அது பாதி இழுபட்டு நின்றாலும் இதே கதைதான். ஐந்து நிமிட வேலை, செலவே இல்லை.

நன்றாக ஏறுகிறதா? கேபிள் சரி, கவர்னர் சரி. ஆனால் இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். நியூட்ரலில் ஏறிவிட்டது என்பதற்காக டீசல் லைன் சுத்தம் என்று முடிவு செய்யக் கூடாது. பாரமே இல்லாதபோது இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும். பாதி அடைத்த ஃபில்டர் வழியாகக்கூட அது வந்துவிடும். பாரம் ஏறி, டீசல் தேவை பல மடங்கு கூடும்போதுதான் அடைப்பு தன் வேலையைக் காட்டும். அதனால் அடுத்த கேள்வி முக்கியம்.

கேள்வி 3: புகை என்ன நிறம்?

இதுதான் மூன்றிலும் முக்கியமானது. ஆளில்லாத, ஆழமான தண்ணீரில், வலை போடாமல், முழு வேகத்தில் ஓட்டி, பின்னால் ஒருவர் நின்று புகையைக் கவனிக்கணும். படகைத் துறைமுகத்தில் கட்டிவைத்துக்கொண்டு இந்த டெஸ்ட் செய்யாதீங்க. கட்டிவைத்த படகில் விசிறிக்குப் பாரம் எப்போதும் அதிகம். நல்ல இன்ஜின்கூட முழு வேகத்தைத் தொடாது. வலை இழுக்கும்போது வேகம் இறங்குவதும் இயல்புதான், அதை வைத்தும் முடிவு பண்ணக் கூடாது.

இனி புகை சொல்லும் சேதி:

• கறுப்புப் புகை: டீசல் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அதை எரிக்கக் காற்று போதவில்லை, அல்லது இன்ஜின் தாங்கும் அளவைவிடப் பாரம் கூடிவிட்டது. சில நேரம் நாசில் சரியாகத் தூவாததும் காரணமாக இருக்கும்.

• புகையே இல்லை, வேகமும் இல்லை: இன்ஜின் பட்டினி கிடக்கிறது. டீசல் போதுமான அளவு வரவில்லை.

• வெள்ளைப் புகை: டீசல் எரியாமல் வெளியேறுகிறது. டீசலில் தண்ணீர், காற்று கலந்திருக்கலாம், பம்ப் டைமிங் தவறியிருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். குளிர்ந்த இன்ஜினில் முதல் சில நிமிடம் வந்தால் பயப்பட வேண்டாம்.

• நீலப் புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு கைடு, டர்போ சீல் தேய்மானம்.

கறுப்பா, புகையே இல்லையா என்பதை மட்டும் கவனித்துச் சொன்னாலே, மெக்கானிக்குக் கோளாறு தேடும் வேலை பாதி குறைந்துவிடும்.

புகை இல்லையா? டீசல் லைனைப் பிடிங்க

61 நாள் ஓடாமல் நிற்கும் படகில் முதல் சந்தேகம் டேங்க் மீதுதான். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று புகுந்து, இரவில் குளிர்ந்து, தண்ணீராகி அடியில் தங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கொழகொழப்பான கறுப்புச் சேறாக மாறும். துறைமுகத்துக்குள் படகு நிற்கும்வரை அது அடியிலேயே கிடக்கும். வெளியே வந்து முதல் அலையில் படகு ஆடியதும் கலங்கி, நேரே ஃபில்டருக்குப் போய் அடைக்கும். "துறைமுகத்துல நல்லாத்தாண்ணே ஓடிச்சு, வெளியே வந்ததும் படுத்துருச்சு" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

பார்க்க வேண்டிய வரிசை:

1. வாட்டர் செபரேட்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்க. சற்று நேரத்தில் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும்.

2. டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டிப் பாருங்க. வேகம் ஏறினால், டேங்கின் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. தூசி, பெயின்ட், பூச்சிக் கூடு எதுவாகவும் இருக்கலாம். அலை தெறிக்கும் இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம், உப்புத் தண்ணீர் உள்ளே போகும்.

3. இரண்டு டீசல் ஃபில்டர்களையும் மாற்றுங்க. ஃபீட் பம்பில் இருக்கும் சின்ன வலைச் சல்லடையை மறக்காதீங்க. பலரும் விட்டுவிடும் இடம் அது.

4. ரப்பர் ஹோஸ் பழசானால் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உரிந்து வழியை மூடியிருக்கும். உறிஞ்சும் வேகத்தில் சப்பையாவதும் உண்டு.

5. ஜாயின்ட்டில் உள்ள செம்பு வாஷர் தேய்ந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். ஃபீட் பம்புக்கு முன்னால் ஓர் அடி நீளக் கண்ணாடிக் குழாய் போட்டுப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும். டீசல் தாங்கும் குழாயாக இருக்கட்டும், சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்க.

கேன் டெஸ்ட்: டேங்கா, இன்ஜினா? 10 நிமிடத்தில் தெரியும்

இத்தனையும் தேட நேரமில்லையா? ஒரே சோதனையில் டேங்க் பக்கமா, இன்ஜின் பக்கமா என்று பிரித்துவிடலாம். சுத்தமான 20 லிட்டர் கேனில் புது டீசல் ஊற்றி, நகராதபடி கட்டிவையுங்க. டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேனில் இருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஒரு ஹோஸ். ரிட்டர்ன் லைனையும் கேனுக்கே விடுங்க. கைப்பம்பால் அடித்து ஏர் எடுத்துவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய திறந்த நீரில் முழு வேகத்தில் ஓட்டுங்க.

வேகம் திரும்பிவிட்டதா? கோளாறு டேங்க், அதன் லைன், முதல் ஃபில்டர் இவற்றில்தான். பம்பையும் நாசிலையும் தொட வேண்டியதே இல்லை. வேகம் வரவில்லையா? ஃபீட் பம்புக்கு அப்புறம் பாருங்க.

20 லிட்டர் எவ்வளவு நேரம் வரும்? டீசல் இன்ஜின் முழுப் பாரத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.2 லிட்டர் குடிக்கும். 120 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் மணிக்கு 24 லிட்டர். பத்து நிமிட ஓட்டத்துக்குத் தாராளம். கேன் எக்ஸாஸ்ட் குழாயில் இருந்து தள்ளியே இருக்கட்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

கறுப்புப் புகையா? முதலில் காற்று

ஒரு லிட்டர் டீசலை எரிக்க ஆயிரக்கணக்கான லிட்டர் காற்று வேண்டும். அது இன்ஜின் அறைக்குள் எங்கிருந்து வரும்? காற்று வழிகள் மேல் வலை மூட்டை, கயிறு, தார்ப்பாய் என்று குவித்து வைத்திருந்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.

சோதனை எளிது. முழு வேகத்தில் ஓடும்போது இன்ஜின் அறை மூடியைத் திறங்க. ஆர்.பி.எம் ஏறினால் கேள்வியே இல்லை, காற்று வழி போதவில்லை. ஏறவில்லை என்றால் ஏர் ஃபில்டர், டர்போவில் இருந்து வரும் ரப்பர் குழாய்களில் கிழிசல் அல்லது தளர்ந்த கிளாம்ப், இன்டர்கூலரில் எண்ணெய்ப் பிசுக்கு என வரிசையாகப் பாருங்க. டர்போ காற்றுக் குழாயில் ஓட்டை இருந்தால் பாரம் ஏறும்போது உஸ்ஸென்று சத்தம் கேட்கும்.

உள்ளே போகும் வழி சரி என்றால் வெளியே போகும் வழியைப் பாருங்க. சைலன்சருக்குள் கரி படிந்து, துருத்தகடு பெயர்ந்து விழுந்து, புகை வெளியேற முடியாமல் திணறினாலும் இதே அறிகுறிதான்.

காற்றும் சரி, புகை கறுப்பு... அப்போ படகுக்கு அடியில் பாருங்க

இரண்டு மாதம் துறைமுகத் தண்ணீரில் அசையாமல் நின்ற படகின் அடியில் பாசி, சிப்பி, கொட்டலசு எல்லாம் குடித்தனம் நடத்தும். விசிறியின் இலைகளில் கொட்டலசு ஒட்டினால் பாதிப்பு இன்னும் அதிகம். விசிறி தண்ணீரைத் தள்ளுவதற்குப் பதில் கலக்கிக்கொண்டிருக்கும். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிச் சுரண்டி, பாசி பிடிக்காத பெயின்ட் அடித்தவர்களுக்கும், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்களுக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

வேறு என்னென்ன பாரம் கூட்டும்?

• விசிறியில் சுற்றிய கயிறு, வலைத் துண்டு. வேகம் திடீரென்று ஒரே நாளில் குறைந்தால் முதல் சந்தேகம் இதுதான்.

• தட்டி நெளிந்த இலை. பட்டறையில் அடித்து நேராக்கிய விசிறியின் சாய்வு மாறியிருக்கலாம்.

• அளவு மாறிய விசிறி. பழசு உடைந்து, கிடைத்ததை மாட்டியிருந்தால் விட்டமும் பிட்ச்சும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்க. பெரும்பாலும் நடுப்பகுதியில் எண் பொறித்திருக்கும். பெரிய விசிறி போட்டால் வேகம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. இன்ஜினால் சுற்ற முடியாவிட்டால் வேகம் குறையத்தான் செய்யும்.

• ஷாஃப்ட் இறுக்கம். இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்க. வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தால் கிளாண்ட் பேக்கிங் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம், பேரிங் பிடித்திருக்கலாம், இன்ஜினும் ஷாஃப்டும் நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம்.

அடியில் பார்க்க ஆள் இறங்கும் முன் இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல். சாவி, இறங்கும் ஆளின் நம்பிக்கைக்குரியவர் கையில். இதில் சமரசமே கூடாது.

இன்னொன்று. ஆர்.பி.எம் நன்றாக ஏறுகிறது, படகு மட்டும் நகர மாட்டேங்குது என்றால் அது வேறு நோய். கியர்பாக்ஸ் கிளட்ச் நழுவுகிறது, அல்லது விசிறி சேதமாகியிருக்கிறது. அதற்கு டீசல் லைனைத் தேடிப் பயனில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் நாசிலும் பம்பும்

டீசல் வருகிறது, காற்று வருகிறது, அடியில் சுத்தம். அப்படியும் வேகம் இல்லை என்றால் இப்போதுதான் நாசிலை டெஸ்ட் பெஞ்சில் போட வேண்டும். பிறகு வால்வு இடைவெளி, கம்ப்ரஷன், கடைசியாக டீசல் பம்ப். காரணம் செலவு மட்டுமல்ல. நல்லா இருக்கும் பம்பைக் கழற்றி மாட்டினால், டைமிங் தவறி இல்லாத கோளாறு ஒன்று புதுசாக வர வாய்ப்பு உண்டு. புது மாடல் எலக்ட்ரானிக் இன்ஜினாக இருந்தால், ஏதாவது சென்சார் கோளாறு காட்டினால் இன்ஜின் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். அதில் முதலில் ஃபால்ட் கோடைப் படிக்க வேண்டும்.

இவற்றைச் செய்யவே செய்யாதீங்க!

பம்ப் சீலை உடைத்து ஸ்குரூவைத் திருகுவது: ரொம்பப் பேர் செய்யும் தப்பு. டீசல் அளவைக் கூட்டினால் ஒரு வாரம் வேகம் வந்த மாதிரி இருக்கும். காற்றோ பாரமோ காரணம் என்றால், கூடுதல் டீசல் கறுப்புப் புகையாகவும் சூடாகவும்தான் மாறும். கடைசியில் பில் பிஸ்டன் பெயரில் வரும்.

ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது: இன்றைக்கு அடைப்பு நீங்கும். ஆனால் தூசி பம்புக்கும் நாசிலுக்கும் போகும்.

நாசில் பைப் லீக்கைக் கையால் தடவிப் பார்ப்பது: அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். நடந்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரிதான்.

பெரிய இன்ஜின் மாட்டினால் சரியாகிடும் என்று நினைப்பது: தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 2020-ன்படி 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இன்ஜினுக்கு அனுமதி இல்லை. விதியை விடுங்க, அடைத்த ஃபில்டரும் அழுக்கு அடிப்பகுதியும் புது இன்ஜினையும் இதே மாதிரி படுத்தும்.

நடுக்கடலில் இப்படி ஆனால் என்ன செய்வது?

முதலில் ஆக்சிலரேட்டரைக் குறையுங்க. கறுப்புப் புகை மறையும் அளவுக்கு இறக்கி, அந்த வேகத்திலேயே ஓட்டுங்க. வேகம் குறைவுதான், ஆனால் இன்ஜின் உயிரோடு கரை சேரும். புகை இல்லாமல் வேகம் ஏறி இறங்கித் திணறினால், நின்று போகும் முன்பே வாட்டர் செபரேட்டரை வடித்து ஃபில்டரை மாற்றுங்க. அதற்காகவே இரண்டு செட் ஃபில்டர், ஒரு அடி கண்ணாடிக் குழாய், செம்பு வாஷர்கள் படகில் எப்போதும் இருக்கணும்.

எல்லைக்கு அருகில் என்றால் இன்ஜின் நின்ற பிறகு யோசிக்காதீங்க. சந்தேகம் வந்த உடனேயே நம் பக்கம் திருப்பி, நங்கூரத்தைத் தயாராக வையுங்க. பக்கத்துப் படகுகளுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லுங்க. அவசர அழைப்புக்கு விஎச்எஃப் சேனல் 16. கடலோரக் காவல்படை உதவி எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. ஜிபிஎஸ் காட்டும் இடத்தைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்க.

கடல் இல்லாத ஊருக்கு இது உதவுமா?

நிச்சயமா! பாலாற்றங்கரை வயலில் ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைப்பவருக்கும் இதே வரிசைதான். பம்பின் பெல்ட்டைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பது நியூட்ரல் டெஸ்ட் மாதிரி. பெல்ட் மாட்டியதும் கறுப்புப் புகை என்றால் பம்ப் பேரிங், கிளாண்ட், அல்லது ஏர் ஃபில்டர். புகையில்லாமல் திணறினால் டீசல் ஃபில்டர், டேங்க் மூடி ஓட்டை. கல்யாண மண்டப ஜெனரேட்டருக்கும் அடிப்படை அதேதான்: புகையைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனர்.

20 ரூபாய் நோட்டு, ஆயிரக்கணக்கில் மிச்சம்

கடைசியாக ஒன்று. தடைக்கால சர்வீஸ் முடிந்து, அடிப்பகுதி சுத்தமாக, ஃபில்டர் புதுசாக இருக்கும் முதல் நாளிலேயே நான்கு எண்களைக் குறித்து வையுங்க. நியூட்ரலில் அதிகபட்ச ஆர்.பி.எம், வலையில்லாமல் ஓடும்போது அதிகபட்ச ஆர்.பி.எம், அப்போது ஜிபிஎஸ் காட்டும் வேகம், தண்ணீர் சூடு. மாதம் ஒருமுறை அதே இடத்தில், ஏறக்குறைய அதே பாரத்தில் திரும்பப் பாருங்க.

எண் மெதுவாக, மாதா மாதம் இறங்கினால் அடிப்பகுதி அழுக்கு அல்லது அடைபடும் ஃபில்டர். ஒரே நாளில் விழுந்தால் கயிறு, கேபிள், அல்லது டேங்க் சேறு. போன வருஷம் எவ்வளவு வந்தது என்று நினைவில் தேடத் தேவையில்லை.

வீட்டில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடித்த பசங்க இருந்தால் இதையும் சொல்லுங்க. சென்னை ராயபுரத்தில் இயங்கும் மத்திய அரசின் சிஃப்நெட் பயிற்சி நிலையத்தில் மெரைன் ஃபிட்டர் பயிற்சி தரப்படுகிறது. படகு இன்ஜின் தெரிந்த ஆளுக்குத் துறைமுகங்களில் எப்போதும் தேவை இருக்கிறது.

மொத்தத்தில், இன்ஜின் வேகம் எடுக்கவில்லை என்றால் பதறாதீங்க. மீட்டர் சரியா, நியூட்ரலில் ஏறுதா, புகை என்ன நிறம்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. அவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் செலவு மிச்சம், படகும் சீக்கிரம் கடலுக்குப் போகும்.